பாய் விரித்த படலம்

தருமபுரி மாவட்டத்தில் சாகரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. அன்னசாகரம். அதுவும் ஏரி. தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 1,076 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டிருக்கிறேன். அதில் எங்கள் மாவட்டத்தின் பங்கு ஒரு முழம்கூடக் கிடையாது. இந்த இரண்டையும் மனதில் முடிந்துகொண்டு மேலே படித்தால், புதுச்சேரியிலிருந்து தூத்துக்குடி வரை ஒரு சின்னப் பாய்மரப் படகில் கரையோரமாகப் போவதற்கு நாங்கள் நான்கு பேர் போட்ட திட்டத்தின் லட்சணம் சட்டென்று பிடிபட்டுவிடும்.

வினை ஆரம்பித்த இடம் நான்கு ரோடு டீக்கடை. எங்கள் ஹார்டுவேர் கடைக்காரர் மகளைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை கொஞ்சம் நவீனமானவர். மாமனாரை மணக்குள விநாயகர் கோயிலுக்குக் கூட்டிப்போவதோடு நிறுத்தியிருக்கலாம். பாய்மரப் படகில் ஒரு மணி நேரம் ஏற்றி இறக்கிவிட்டார். மனிதர் தோலுரிந்த மூக்கோடும், ‘ஸ்டார்போர்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடும் ஊர் வந்து சேர்ந்தார். அதற்கு வலதுபுறம் என்று அர்த்தமாம். அன்று முதல் டீ மாஸ்டரிடம், “ஸ்டார்போர்டுல இருக்கற வடையக் குடு” என்றுதான் கேட்பார்.

“எஞ்சினே கெடையாதுப்பா. சத்தமே இல்ல. காத்து தள்ளுது, நாம சும்மா உக்காந்திருக்கோம்” என்றார்.

சும்மா உட்கார்ந்திருந்தாலே ஊர் போய்ச் சேரலாம் என்ற செய்தி, முப்பது வருஷமாக அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் என்னை எந்த அளவுக்கு உருக்கியது என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடற்கரையில் இருபதடி நீளப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சொல்கிறார்கள், ஆளுக்கு அறுபதாயிரம் போட்டால் நம்முடையது என்றும் அவர் சொன்னார். இரண்டாவது டீ வருவதற்குள் படகை வாங்கிவிட்டோம், வாய்வார்த்தையில்.

குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹார்டுவேர்காரர் கயிறு, கொக்கி, போல்ட், பெயின்ட் எல்லாம் அசல் விலைக்கே தருவதாகச் சொன்னதால் அவர் முக்கியஸ்தர். அடுத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நிலையான நீரில் படகின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர், நீரோட்டத்தின் வேகம் 2 கிலோமீட்டர் என்று முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் படகு விட்டவர். அவர் விட்ட படகுகளில் ஒன்றுகூட இதுவரை கவிழ்ந்ததில்லை. மூன்றாமவர் மருந்துக்கடைக்காரர். சேலத்துக்குப் பஸ்ஸில் போனாலே தொப்பூர் கணவாய் வளைவுகளில் ஜன்னலோரம் கேட்டு வாங்குகிறவர். ஆனால் அவோமின் மாத்திரை அவர் கையில்தானே இருக்கிறது! நான்காவது ஆள் நான். எனக்கு நீச்சல் தெரியாது. இதை ஒரு குறையாக யாரோ சொன்னபோது, 1895 முதல் 1898 வரை தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த முதல் மனிதரான ஜோஷுவா ஸ்லோகமுக்கும் நீச்சல் தெரியாது என்று எடுத்துக்காட்டினேன். அவரையும் என்னையும் இணைக்கிற ஒரே தகுதி அது.

நான்கு பேரில் கேப்டன் யார் என்று பார்த்தால் நான்கு பேரும் கேப்டன். மாலுமிதான் ஒருவரும் இல்லை. ஒரு வாரம் இழுபறி. கடைசியில், திட்டம் எழுதும் நானூறு பக்க நோட்டு என்னுடையது என்பதால், முதல் பக்கத்தில் ‘கேப்டன்’ என்று போட்டு என் பெயரை எழுதிக்கொண்டேன். பதவிகள் எல்லாம் இப்படித்தான் கிடைக்கின்றன.

வீட்டில் விஷயத்தை எப்படி உடைப்பது என்பதுதான் பெரிய யோசனை. பாய்மரத்தின் இலக்கணப்படி, காற்று வருகிற திசையை நோக்கி எந்தப் படகும் நேராகப் போக முடியாது. ஏறக்குறைய 45 பாகை ஒதுங்கி, கொஞ்ச தூரம் இடப்பக்கம், பிறகு கொஞ்ச தூரம் வலப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக நான் வீட்டில் செய்துகொண்டிருப்பது இதைத்தான். பெயர்தான் தெரியாமல் இருந்தது. அன்று இரவும் அப்படியே கிளம்பினேன். முதலில் அவரைக்காய்க் குழம்பைப் புகழ்ந்தேன். அங்கிருந்து திருப்பி, பக்கத்து வீட்டில் வாங்கிய புதுக் காரின் மைலேஜுக்கு வந்தேன். மறுபடி திருப்பி, பெட்ரோல் செலவே இல்லாத வாகனங்களைப் பற்றி ஒரு வார்த்தை போட்டேன்.

“எவ்ளோங்க?” என்றாள் மனைவி.

காற்று நேராக முகத்தில் அறைந்தது. அந்தக் கலவரத்தில் என் வாயில் வந்தது, “ஒரு பாய் வாங்கணும்” என்பதுதான்.

“கோரைப் பாயா, பிளாஸ்டிக்கா?”

“இருவது அடி ஒசரம்.”

“அவ்ளோ ஒசரத்துல யாருங்க படுக்கப்போறா?”

முழுவதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடல் கடந்தாவது பொருள் தேடு என்று ஔவையாரே சொல்லியிருக்கிறார், ஔவையார் யார், நம் தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கித் தின்றவர், ஆகவே இது நம் ஊர்க் கட்டளை என்று வாதாடினேன். நெல்லிக்கனி ஔவை வேறு, நீதி சொன்ன ஔவை வேறு, நடுவில் பல நூறு வருஷங்கள் என்று வாத்தியார் என்னைத் தனியாக எச்சரித்திருந்தார். குடும்பத்தில் அவ்வளவு நுணுக்கம் ஆகாது என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

“பொருள் தேடத்தானே சொன்னாங்க? அறுபதாயிரம் செலவு பண்ணவா சொன்னாங்க?”

இதற்கு எந்த ஔவையிடமும் பதில் இல்லை.

மறுநாள் காலை காபியோடு ஒரு செய்தித்தாள் துணுக்கும் வந்தது. கடற்படையைச் சேர்ந்த இரண்டு பெண் அதிகாரிகள், தில்னாவும் ரூபாவும், ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதக் கடைசியில் திரும்பி வந்த செய்தி. ரூபா புதுச்சேரிக்காரர். “ரெண்டே பொண்ணுங்க. எட்டு மாசம். நீங்க நாலு ஆம்பளைங்க, எட்டு நாளு. போய்ட்டு வாங்க” என்றாள். அனுமதிதான். ஆனால் எந்த மறுப்பும் எனக்கு இவ்வளவு வலித்ததில்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் திட்டக்குழு கூடியது. மகனின் பழைய பள்ளி அட்லஸைப் பிரித்து, மனைவியின் தையல் மெஷினிலிருந்து நூலை எடுத்துக் கரையோரமாக வைத்து அளந்தோம். மூன்று முறை அளந்ததில் மூன்று தூரம் வந்தது. வாத்தியாருக்குக் கோபம். “நூலைத் தூக்கிப் போடுங்கய்யா. அட்சரேகையில ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஒரு கடல் மைலுங்கறது 1.852 கிலோமீட்டர். கோட்ட எண்ணுனாலே போதும்” என்றார். எண்ணினார். புதுச்சேரி 12 பாகைக்குச் சற்றுக் கீழே. கோடியக்கரை பத்தேகாலுக்குக் கொஞ்சம் மேலே. ஆக, கிட்டத்தட்ட 100 கடல் மைல் தெற்கே. அங்கே தென்மேற்காகத் திரும்பிப் பாக் நீரிணை வழியாகப் பாம்பன், சுமார் 70. பாம்பனிலிருந்து மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி, இன்னொரு 70. ஆக மொத்தம் 240 கடல் மைல். மணிக்கு 3 மைல் வேகத்தில் 80 மணி நேரம். பகலில் பத்து மணி நேரம் மட்டும் ஓட்டினால் எட்டு நாள்.

கரும்பலகைப் படகு மறுபடியும் கவிழாமல் கரை சேர்ந்தது. வாத்தியார் முகத்தில் அப்படி ஓர் ஒளி.

பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் என்று தெரிந்தபோது எங்களுக்குத் தைரியம் கரைபுரண்டது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டமே 120 அடி, அதாவது 36 மீட்டருக்கும் மேல். அந்த அணையின் நீர் பின்னோக்கி நம் ஏரியூர், நாகமரை வரை நிற்கிறது. “கடலைவிட ஆழமான தண்ணியப் பாத்தவங்க நாம!” என்று ஹார்டுவேர்காரர் முழங்கினார். பார்த்ததென்னவோ கரையில் நின்றபடி, கையில் மீன் வறுவலோடு.

உண்மையில் கடலைப் பற்றி எங்கள் நால்வருக்கும் இருந்த அறிவெல்லாம் கல்கி கொடுத்தது. கோடிக்கரையில் ஒரு பெண் இருட்டில் தனியாகத் துடுப்புப் போட்டு இலங்கைக்குப் போய் வருவாள். ‘பொன்னியின் செல்வன்’ படித்த எவனுக்கும் பூங்குழலியின் கடல் ஒரு பேருந்து வழித்தடம் போலத்தான். ஆனால் பூங்குழலிக்குச் சர்வதேசக் கடல் எல்லை கிடையாது. எங்களுக்கு 1974, 1976 ஒப்பந்தங்கள் உண்டு. காற்று கொஞ்சம் மனம் மாறிக் கிழக்கே தள்ளிவிட்டால், நான்கு குடும்பத்தலைவர்கள் இலங்கைக் கடற்படையிடம் போய், “ஐயா, நாங்க மீன் புடிக்க வரலீங்க, தருமபுரி” என்று சொல்ல வேண்டியிருக்கும். யார் நம்புவார்கள்? மருந்துக்கடைக்காரர் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

எந்த மாதத்தில் போவது என்பது பெரிய விவாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஏனென்றால் இரவில் தங்குவதற்கு நாங்கள் குறித்துவைத்த துறைகளில் எல்லாம் எங்களுக்கு முன்னமே ஆளுக்கொரு புயல் வந்து தங்கியிருந்தது. கடலூரில் தானே, 2011 டிசம்பர். காரைக்காலில் நிஷா, 2008 நவம்பர். வேதாரண்யத்தில் கஜா, 2018 நவம்பர். தனுஷ்கோடியில் 1964 டிசம்பரில் வந்ததற்குப் பெயர்கூட இல்லை. ஊரும் இல்லாமல் போய்விட்டது. தை பிறந்து புயல் ஓய்ந்த பிறகு, மிச்சமிருக்கும் வடகிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தெற்கே தள்ளும். அதுதான் சரியான பருவம். தை, மாசி என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

“அப்ப திரும்பி வர்றது?” என்றாள், சுண்டல் தட்டோடு வந்த மனைவி.

திண்ணை அமைதியானது. தெற்கே தள்ளுகிற காற்று வடக்கே இழுக்குமா? பழைய காலத்துப் பாய்க்கப்பல்காரர்கள் போன இடத்தில் உட்கார்ந்து, தென்மேற்குக் காற்று வரும்வரை காத்திருந்து திரும்பினார்கள். அதாவது, போவது தையில், வருவது ஆனியில். அதுவரை தூத்துக்குடியில் என்ன செய்வது? மக்ரூன் எவ்வளவுதான் தின்ன முடியும்? என் கணக்கில் இருக்கும் ஈட்டிய விடுப்பைக் கூட்டிப் பார்த்தேன். இருந்தது. ஆனால் விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே. ‘காற்றுக்காகக் காத்திருத்தல்’ என்று எழுத முடியுமா?

தீர்வு சொன்னவர் ஹார்டுவேர்காரர். படகை லாரியில் ஏற்றிவிடுவது. மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தொப்பூர் ஏறினால் தருமபுரி. தேசிய நெடுஞ்சாலையில் எதை எதையோ ஏற்றிக்கொண்டு போகிறார்கள், ஒரு படகு போகாதா? போகும். ஆனால் வந்து எங்கே நிற்கும்? நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வாசலில் இடமிருப்பது எங்கள் வீட்டில்தான்.

“நிக்கட்டும். புளி காயப்போட எடம் பத்தல” என்றாள்.

தருமபுரியில் கடல் மட்டத்துக்கு மேலே நானூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில், வேப்பமர நிழலில், புளி நிரப்பிய பாய்மரப் படகு ஒன்று நிற்பதை அன்றிரவு கனவில் கண்டேன். என்னைக் கேட்டால், எங்கள் திட்டத்தில் கடைசிவரை நடைமுறைக்கு ஒத்துவந்த பகுதி அது ஒன்றுதான்.

பாம்பனை நாங்கள் மிகவும் ரசித்துத் திட்டமிட்டோம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் நடுவில் இரண்டாகப் பிளந்து கைதூக்கிக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. முன்கூட்டி எழுதிக் கேட்டு, வரிசையில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தால் படகுகளுக்காகத் தூக்குவார்கள். எங்கள் பாய்மரத்துக்காக இந்திய ரயில்வே ஒரு பாலத்தைத் தூக்குகிறது! மேலே சாலைப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். நான் சுக்கானைப் பிடித்தபடி, யாரையும் கவனிக்காதவன் மாதிரி நிற்கிறேன். இந்தக் காட்சிக்கு என்ன சட்டை போடுவது என்பது உட்பட நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அலையில் எப்படி ஓட்டுவது என்பதற்கு நாலு வரிதான்.

சாப்பாட்டுக்குப் பதினோரு பக்கம். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், நான்கு பேருக்கு எட்டு நாளைக்கு 128 லிட்டர் என்று வாத்தியார் போட்டார். அவ்வளவு கேன்களை வைத்தால் படகில் ஆள் உட்கார இடமில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் வேறொரு பூதத்தைக் கிளப்பினார். பழைய மாலுமிகள் செத்தது அலையில் அல்ல, ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோயில். வாஸ்கோ ட காமாவின் ஆட்களில் பலர் அப்படித்தான் போனார்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்து, அதில் தேறுவதைக் கண்டார். எல்லாம் வைட்டமின் சி. நெல்லிக்காயில் அது கொட்டிக் கிடக்கிறது. அதியமான் சும்மாவா கொடுத்தான்! உடனே ஐந்து கிலோ நெல்லிக்காய் ஊறுகாய் என்று தீர்மானம் நிறைவேறியது. ஸ்கர்வி தலைகாட்டவே ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும், நாங்கள் போவது எட்டு நாளுக்கு என்பதை யாரும் யோசிக்கவில்லை. மனைவி ஊறுகாய் போட்டுவிட்டாள். அது தீர்ந்து வெகுநாளாகிறது. எங்களில் ஒருவருக்கும் ஸ்கர்வி இல்லை.

“அதெல்லாஞ் சரி, அந்தப் படகுல கக்கூஸ் எங்க இருக்குது?” என்று ஒருநாள் கேட்டாள்.

இருபதடிப் படகில் அது ஒரு வாளிதான் என்று புத்தகம் சொல்கிறது. நான்கு பேர், ஒரு வாளி, மறைவு என்று எதுவும் கிடையாது. நாற்பது வருஷ சிநேகம் அந்த ஒரு கேள்வியில் ஆட்டம் கண்டது. மருந்துக்கடைக்காரர் ராஜினாமா செய்தார். மூடி போட்ட வாளி என்று ஹார்டுவேர்காரர் உத்தரவாதம் கொடுத்த பிறகே வாபஸ் வாங்கினார்.

அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே அழகான கடிதம் அது. ‘பொருள்: பாய்மரப் படகில் கரையோரப் பயணம் மேற்கொள்ளுதல் – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.’ பார்வை ஒன்று, பார்வை இரண்டு, இணைப்பு அட்லஸ் நகல். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் மாவட்டத்தில் கடற்கரை இல்லாததால் தங்கள் மனு எந்தப் பிரிவின் கீழ் வரும் என்பதைத் தாங்களே தெளிவுபடுத்துமாறு கேட்டிருந்தார்கள். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் இழுத்திருப்பேன்.

சோர்ந்துபோன வேளைகளில் அன்னபூரணியைப் பற்றிப் பேசுவோம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்மவர்கள் வேப்பமரமும் இலுப்பைமரமும் இழைத்துக் கட்டிய பாய்க்கப்பல், ‘அன்னபூரணி அம்மாள்’. அமெரிக்கர் ஒருவர் அதை விலைக்கு வாங்க, ஊர் மாலுமிகளே கடல் கடலாக ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்து குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். வேட்டி கட்டிய ஆட்கள் கப்பலிலிருந்து இறங்கியதை அந்த ஊரே கூடிப் பார்த்ததாம். தமிழன் செய்யாததா என்று ஹார்டுவேர்காரர் தொடையைத் தட்டுவார். செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உப்புத் தண்ணீரில் ஊறியவர்கள், நாங்கள் டீயில் ஊறியவர்கள் என்ற சிறிய வித்தியாசத்தை நான் மனதுக்குள் வைத்துக்கொள்வேன்.

ஆடி பிறந்தது. “கடலு கெடக்கட்டும், மொதல்ல நம்ம ஊருத் தண்ணியில ஒருநாளு போய்ப் பாருங்க” என்றாள் மனைவி. அவள் பிறந்தது ஏரியூர்ப் பக்கம். நாகமரைத் துறையில் பரிசல் போடுகிற ஒரு பெரியவர் அவளுக்கு மாமன் முறை. எதிர்க்கரை சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. சிறுமியாக இருந்தபோது மாதத்துக்கு இரண்டு தடவை பரிசலில் அக்கரைக்குப் போய் வருவாளாம். இருபத்தெட்டு வருஷத்தில் இதை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கேப்டன் பதவிக்கு ஐந்தாவது போட்டி வந்திருக்கும். போட்டியே இருந்திருக்காது என்பது இன்னும் சரி.

பென்னாகரம் வழியாக நாகமரை போய் இறங்கினோம். நீலத் தார்ப்பாய் ஒன்று, ஒன்றரை அங்குல பிவிசி பைப் இரண்டு, நைலான் கயிறு ஒரு கட்டு, லாரி டியூப் நாலு, அவோமின் ஒரு அட்டை. அணை நிறைந்து, அக்கரை கோடாகத் தெரிந்தது. தண்ணீர் வற்றுகிற வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் மாதாகோயில் கோபுரமும் தலை காட்டும். அன்று இரண்டும் நீருக்கடியில் இருந்தன. நடந்ததை நந்தி பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஓர் ஆறுதல்.

பரிசல் மாமா எங்கள் சாமான்களைச் சுற்றிவந்து பார்த்தார். மூங்கில் பின்னி, அடியில் தாரும் ஷீட்டும் போட்ட வட்டக் கூடை அவருடையது. “மாப்ள, பரிசலுக்கு முன்னுங் கெடையாது, பின்னுங் கெடையாது. இதுல பாயக் கட்டுனா ராட்டினந்தான் சுத்தும்” என்றார். அம்மியே பறக்கிற ஆடிக்காற்று மேற்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் போக வேண்டியதும் மேற்கே. “காத்த எதுத்துத்தான் மாமா பழகணும். வளைஞ்சு வளைஞ்சு போவோம். நீங்க துடுப்பத் தொடவே கூடாது” என்றேன். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, பீடியைப் பற்றவைக்கப் பார்த்து, காற்றில் முடியாமல் விட்டுவிட்டார்.

பைப்பை நட்டுத் தார்ப்பாயை விரித்தோம். பிவிசி பைப் வில்லாக வளைந்து வாத்தியார் தலையில் வணக்கம் வைத்தது. அப்புறம் சுழல ஆரம்பித்தோம். நாகமரை, பண்ணவாடி, நாகமரை, பண்ணவாடி. ஹார்டுவேர்காரர் “ஸ்டார்போர்டு! ஸ்டார்போர்டு!” என்று கத்தினார், ஆனால் அது ஒவ்வொரு நொடிக்கும் ஒவ்வொரு பக்கத்தில் இருந்தது. மருந்துக்கடைக்காரர் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும் என்பதை அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். பதினெட்டுச் சுற்று. பத்தொன்பதாவதற்குள் காற்று எங்களைக் கிளம்பிய கரையிலேயே, துறைக்கு ஒரு பர்லாங் தள்ளி, முழங்கால் சேற்றில் கொண்டுபோய் ஒதுக்கியது. மாமாவின் வேட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

படகுக்கு அடியில் நடுத்தண்டு ஒன்று கத்திபோல் நீரில் இறங்கியிருக்க வேண்டும், அது பக்கவாட்டில் நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் காற்றைச் சாய்த்துப் பிடித்து முன்னே போக முடிகிறது, தட்டை அடிக் கூடையில் அது நடக்காது என்று வாத்தியார் சேற்றில் குச்சியால் படம் போட்டு விளக்கினார். ரொம்ப அருமையான விளக்கம். ஏறுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்து வந்தோம். மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். காத்திருந்து போரடித்து, ஆட்களை ஏற்றிப்போகும் விசைப்படகில் பண்ணவாடிக்குப் போய், இரண்டு கிலோ கட்லா வாங்கிக்கொண்டு, திரும்பியும் வந்துவிட்டிருந்தாள்.

“அக்கரையில நல்ல மீனுங்க. நீங்க பாக்கலியா?” என்றாள்.

அந்த இருபதடிப் படகை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். திட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. வருகிற தை முடியாது, வாத்தியார் பேத்திக்குக் காதுகுத்து. அதற்கடுத்த தை என்று வைத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் கூடுகிறோம். இப்போது நங்கூரம் பற்றிய அத்தியாயம் நடக்கிறது. நீலத் தார்ப்பாய் எங்கள் மொட்டைமாடிக்கு வந்துவிட்டது. போன வாரம் மனைவி அதில் பன்னிரண்டு கிலோ கேழ்வரகைக் கழுவிக் காயப்போட்டிருந்தாள். மத்தியானம் மேற்கே கருத்தது.

“ஏங்க! கேப்டனு! பாயச் சுருட்டுங்க, மழை வருது!”

ஓடினேன். வாழ்க்கையில் முதன்முதலாக, உண்மையான காற்றில், உண்மையாகப் பாய் இறக்குகிற சந்தர்ப்பம். கைக்கு அருகில் இருந்த கிழக்கு முனையைப் பிடித்துத் தூக்கினேன். அதே நொடியில் மேற்கு முனை கிளம்பிவிட்டது. தார்ப்பாய் படபடவென்று ஒருமுறை உப்பி, ராஜகம்பீரமாக நிமிர்ந்து, கேழ்வரகு மொத்தத்தையும் பக்கத்து வீட்டுப் புதுக் காரின் மேல் தூவியது.

மாடிப்படியில் நின்றிருந்தவள் மேலே வந்தாள். பறக்கிற முனையை ஓர் எட்டில் காலால் மிதித்து, காற்று வருகிற பக்கத்திலிருந்து நாலே மடிப்பில் தார்ப்பாயைச் சுருட்டி, மேலே ஒரு செங்கல்லை வைத்தாள்.

“காத்து வர்ற பக்கத்து முனையத்தாங்க மொதல்ல புடிக்கணும்” என்று சொல்லிவிட்டு, காரைத் துடைக்க ஒரு துணியை என் கையில் கொடுத்தாள்.

துடைத்து முடித்து வந்து, நோட்டில் நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் அதைத் தேதி போட்டு எழுதிவைத்தேன்.